தூம்பாவில் போய்த் திரும்பி வந்தவள்

தூம்பா என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் பேரப்பிள்ளைகள் யாராவது உட்கார்ந்து கேட்டால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்து போகும் மரப்பெட்டி அது. மூடி கிடையாது. நான்கு மூலையிலும் கம்பு நட்டு, மேலே கறுப்புத் துணி கட்டியிருக்கும். அடியில் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு இரண்டு தோள்மரங்கள். சபைக்கு ஒன்றுதான். இறந்தவரைப் பாயோடு குழிக்குள் இறக்கிவிட்டு, தூம்பா வெறுமையாகத் திரும்பி வந்துவிடும்.

எங்கள் ஊர்த் தூம்பாவில் ஒரு பெண் போனாள். அதே தூம்பாவில் திரும்பியும் வந்தாள். நான் கண்ணால் பார்த்தேன்.

என் அப்பா உபதேசியார். குருப்பட்டம் பெற்ற ஐயர் அல்ல. ஐயர் எப்போதாவது வில்வண்டியில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவதும் பிரசங்கம் பண்ணுவதும் சாவு வாழ்வு கவனிப்பதும் அப்பாதான். முதல் யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, சீவலப்பேரிக்குப் போகும் வழியில் ஆற்றுக்கு வடகரையில் இருந்த ஒரு சின்ன ஊருக்கு அப்பாவை மாற்றியிருந்தார்கள். அதற்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு ஊரில் இருந்தோம். அங்கே காய்ச்சலில் என் தம்பி போய்விட்டான். அம்மா அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டாள். "அங்கன" என்பாள், அவ்வளவுதான். புது ஊருக்கு வந்த பிறகும் படுக்கப் போகுமுன் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்காமல் இருக்கமாட்டாள்.

புது ஊரில் காய்ச்சல் இல்லை. சண்டை இருந்தது.

ஊரில் பெரிய ஆள் கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி. அவருடைய தங்கையைக் கட்டியவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இருவரும் நல்ல உயரம். அடுத்தடுத்த தெரு. ஆனால் பேச்சு வார்த்தை கிடையாது. நாங்கள் அந்த ஊருக்குப் போவதற்கு முன்பே அண்ணாச்சியின் தாயார் ஒரு மழைநாளில் இறந்திருக்கிறார். தூம்பா பள்ளிக்கூடத்துப் பின்னறையில் பூட்டிக் கிடந்தது. சாவி வாத்தியாரிடம். வாத்தியார் ஊரில் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் வைத்தே தாயாரைக் கொண்டுபோய் அடக்கம் பண்ணினார் அண்ணாச்சி. மழையில் மேலே மறைப்புக்கூட இல்லை. வேண்டுமென்றே சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னவர், பிறகு அந்த வார்த்தையிலிருந்து இறங்கி வரவேயில்லை.

ஊர் இரண்டாகிவிட்டது. காலை ஆராதனைக்கு அண்ணாச்சி பக்கத்து ஆட்கள், மாலை ஆராதனைக்கு வாத்தியார் பக்கத்து ஆட்கள். அப்பா ஒரே பிரசங்கத்தை இரண்டு தரம் பண்ணுவார். கோயில் பெரியது, ஓலைப்பாய்களில் பாதி சுருட்டியபடியே மூலையில் கிடக்கும். பாட்டு எடுத்தால் கூரையில் இருக்கும் வௌவால் சத்தம்தான் கூடக் கேட்கும். அண்ணனைப் பார்க்காமல் வாத்தியார் மனைவி மாலையிலும், தங்கையைப் பார்க்காமல் அண்ணாச்சி காலையிலும் வந்து முழங்கால் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஐயர் ஒரு தரம் வந்தபோது எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "கிறிஸ்மஸுக்குள்ள இவுகளை ஒண்ணாக்கும். இல்லேன்னா இந்தச் சபையைப் பக்கத்து ஊரோட சேத்துட்டு, உம்மைத் திரும்ப மலைப்பக்கமே அனுப்ப வேண்டியதுதான்." அப்பா "சரிங்கய்யா" என்றார். அம்மா அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

அது ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்து, வாய்க்கால் கரை உடைந்து, வண்டிப்பாதை கரிசல் சேறாகிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் அப்பா பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் வாசல் ஓரத்தில் இருந்ததால் முதலில் அந்த மனிதரைப் பார்த்தது நான்தான். வெளியே மழையில் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை. வாசல் பக்கம் வரவும் இல்லை.

வாய்க்காலுக்கு அப்பால் சேரியில் இருந்தவர் அவர். அண்ணாச்சியின் வயலில் வேலை செய்பவர். அவர்கள் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள். எங்கள் தெருவுக்குள் வந்தால் ஒதுங்கித்தான் நடப்பார்கள். வேதத்தில் என்ன எழுதியிருந்தாலும் எங்கள் ஆட்களும் அவர்களைத் தொடமாட்டார்கள். இதை மூடி மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அப்பா பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "என்னப்பா?" என்று கேட்டார்.

"ஐயா, எம் பொண்டாட்டிக்கு நோவு கண்டு முந்தாநாளாச்சு. பிள்ளை குறுக்கே கெடக்காம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பொழைப்பான்னு சொல்லுதாவ. வண்டி..."

அண்ணாச்சி எழுந்து வாசலுக்கு வந்தார். "வண்டி தாரதுக்கு என்ன? ஆனா இந்தச் சேத்துல மாடு முழங்கால் போட்டுருமே. அப்படியே போனாலும் ஆத்துத் துறை வரைக்கும் ஆட்டுற ஆட்டத்துல அவ தாங்கமாட்டாளே."

"கட்டில்ல தூக்கலாம்" என்றார் ஒருவர்.

"கயித்துக் கட்டிலு மழையில தொய்ஞ்சு போகும். ரெண்டு கல்லு தூரம் தாண்டாது."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஆண்கள் பேசும் இடத்தில் அம்மா வாய் திறந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. "தூம்பா இருக்கே."

"என்ன பேச்சு பேசுதிய உபதேசியாரம்மா? உசிரோட இருக்கவளைத் தூம்பாவுலயா?" என்றார் அண்ணாச்சி.

அம்மா வெளியே நின்றவரைப் பார்த்துக் கேட்டாள். "உமக்குச் சம்மதமா?"

"எதுல வேணாலும் தூக்குங்கம்மா. தூக்குனாப் போதும்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள். நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனாள். வாத்தியார் சாய்ந்து உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்தார், ஆனால் அங்கேயே நின்றார். "காலையில கோயில்ல இருக்கது அவுக ஆட்களாச்சே. நான் போயி நின்னா அது வேற பேச்சாயிரும்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். "எங்கம்மை அடக்கத்துக்கு இது வந்து சேராததுக்கே நான் இத்தன வருசமா என் அண்ணன் மொகத்தைப் பாக்கல. இதுக்கும் வராம இருந்தா நான் யாரு மொகத்தைப் பாக்கட்டும்?" என்று சொல்லிவிட்டுத் தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு நடந்தாள். வாத்தியார் சட்டைகூடப் போடாமல் பின்னால் வந்தார்.

தூம்பாவை வெளியே எடுத்தபோது வந்த வாடை எனக்கு இன்னும் தெரிகிறது. எலிப்புழுக்கை, பழைய மெழுகுவர்த்தி, காய்ந்த பூ. வாத்தியார் மனைவி கறுப்புத் துணியைப் பிடுங்கி எறிந்தாள். வீட்டிலிருந்து தன் கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கட்டி, அதன்மேல் ஓலைப்பாயைப் போட்டு மழைக்கு மறைத்தாள். அடியில் வைக்கோல் பரப்பி எங்கள் ஜமுக்காளத்தை விரித்தாள் அம்மா.

சேரிக்குள் எங்கள் ஆட்கள் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. வாசலில் தயங்கினார்கள். அப்பா குனிந்து அந்தக் குடிசைக்குள் நுழைந்தார், அம்மா பின்னால் போனாள். அந்தப் பெண் தூம்பாவைப் பார்த்ததும், "என்னை எதுல தூக்க வந்திருக்கிய? வேண்டாம், நான் இங்கயே செத்துக்கிடுதேன்" என்று கதறினாள். அம்மா அவள் காதருகில் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பின்னாளில் நான் கேட்டதற்கு, "நான் உங்கூடவே வாரேன்னு சொன்னேன், வேற என்னத்தச் சொல்ல?" என்றாள்.

தோள் கொடுக்க நாலு பேர் வந்தார்கள். முதல் வரப்பிலேயே தூம்பா ஒரு பக்கம் சரிந்தது. முன்னால் நின்ற இருவரில் ஒருவர் குட்டை. உள்ளே இருந்தவள் அலறினாள். "எறக்குங்க, எறக்குங்க" என்றார் அப்பா. முன்பக்கம் ஒரே உயரத்தில் இரண்டு பேர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஊரில் இரண்டே பேர்தான். யாரும் பெயர் சொல்லவில்லை. வாத்தியார் வந்து இடது மரத்தின் கீழ் தோளை வைத்தார். அண்ணாச்சி சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு மேல்வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வலது மரத்துக்குப் போனார்.

வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் கூட நடந்தேன். வாத்தியார் மனைவி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், சேறு அதிகமான இடத்தில் இறக்கிவிட்டு இழுத்துக்கொண்டு போனாள். தோள் மாற்ற இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து பின்னால் வந்தார்கள். பின்மரத்தில் ஆட்கள் மாறினார்கள். முன்னால் மட்டும் மாற முடியவில்லை. அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல், ஒரே கால் எடுத்து வைத்து, முழுத் தூரமும் நடந்தார்கள்.

துறையில் ஆறு கலங்கி, செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. தோணிக்காரர் தூரத்திலிருந்தே தூம்பாவைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, பொணத்தை என் தோணியில ஏத்தமாட்டேன். மறுகரையில எதுக்கு அடக்கம்? திருப்பிக் கொண்டு போங்க."

"பொணம் இல்லவே. நோவுக்காரி" என்றார் அண்ணாச்சி.

"எதுவா இருந்தா என்ன? தூம்பா ஏறுன தோணியில நாளைக்கு எவன் கால் வைப்பான்? நான் பொழைக்க வேண்டாமா?"

அப்பா கெஞ்சினார். வாத்தியார் சட்டம் பேசினார். தோணிக்காரர் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நின்றார். அப்போது ஓலைப்பாய் விலகியது. உள்ளேயிருந்து ஒரு கை, வளையல்கள் உடைந்த கை, வெளியே நீண்டு தூம்பாவின் விளிம்பைப் பிடித்தது. அந்தப் பெண் தலையைத் தூக்கினாள்.

"தோணிக்காரரே, நான் இன்னும் சாகல. தோணியைத் தள்ளும்."

தோணிக்காரர் துடுப்பைக் கீழே போட்டார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தோணியைப் பிடித்து அசையாமல் நிறுத்தினார். "பைய ஏத்துங்க. பைய" என்றார்.

நடு ஆற்றில் சுழி இழுத்தபோது தோணி சாய்ந்தது. தூம்பாவின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள் இருவருந்தான். "மாப்ள, உம்ம பக்கம் தாழுது, ஏந்திப் பிடியும்" என்று கத்தினார் அண்ணாச்சி. "பிடிச்சிருக்கேன் மச்சான்" என்றார் வாத்தியார். வாத்தியார் மனைவி என்னை இறுக அணைத்துக்கொண்டு அழுதாள். ஆற்றைப் பார்த்துப் பயந்து அழுகிறாள் என்று அப்போது நினைத்தேன். 

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை உள்ளே கொண்டு போனார்கள், அம்மாவும் கூடப் போனாள். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தோம். கார மருந்து வாடை மழை வாடையோடு கலந்து வந்தது. அண்ணாச்சி கடைக்குப் போய்ப் பொரியும் கருப்பட்டியும் வாங்கி வந்தார். எல்லோருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் கணவர் மதிலோரத்தில் தனியாகக் குத்த வைத்திருந்தார். அண்ணாச்சி அவருக்கு உள்ள இலையைச் சற்றுத் தள்ளித் தரையில் வைத்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து போய் அந்த இலையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "சாப்பிடுவே. நடந்தவன் நீயும்தானே" என்றார். அந்த மனிதர் இலையை வாங்கிக்கொண்டு அழுதார்.

மழை வெறித்து வெயில் எட்டிப் பார்த்தபோது நர்சம்மா வெளியே வந்தாள். "பொம்பளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் இருக்காங்க. வண்டியிலயா கொண்டு வந்தீங்க?"

"இல்லம்மா, தூக்கிட்டு வந்தோம்" என்றார் அப்பா.

"அதான் பிழைச்சா."

அப்பா அப்படியே மண்ணில் முழங்கால் போட்டார். ஒவ்வொருவராக முழங்கால் போட்டார்கள். சுடலைமாடனைக் கும்பிடும் அந்த மனிதரும் கைகூப்பி நின்றார். ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. வாத்தியார் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"மச்சான், அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல. இங்கதான் பாளையங்கோட்டையில பள்ளிக்கூட வேலையா வந்திருந்தேன். சாவி மடியில இருந்தது எனக்கே தெரியாது."

"தெரியும் மாப்ள. அன்னைக்கே தெரியும்" என்றார் அண்ணாச்சி. "அம்மை போன கோவத்தை எங்க கொண்டு வைக்கதுன்னு தெரியல. உம்ம தலையில வச்சிட்டேன்."

வாத்தியார் மனைவி அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் தோளில் மரம் அழுத்திக் கன்றிப் போயிருந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள்.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணைப் பிள்ளையோடு அதே தூம்பாவில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். தூம்பாவுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை ஊருக்கு. அதன் பிறகு சுற்று வட்டாரத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் எங்கள் கோயிலுக்கு ஆள் வந்தது. இடையர்கள் வந்தார்கள், வேளார் தெருவிலிருந்து வந்தார்கள், துறைக்குப் பக்கத்து ஊரில் இருந்து ஒரு ராவுத்தர் தன் தாயாருக்காக வந்தார். எல்லோரும் பிழைக்கவில்லை. ஒரு கிழவர் துறை தாண்டுமுன்பே போய்விட்டார், அவரைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். ஆனால் கூப்பிட்டவர்களுக்கு வரமாட்டோம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

பெண்கள் பழைய சேலைகளைச் சேர்த்து வெந்நீரில் போட்டு அவித்துக் காயவைத்து மடித்து வைத்தார்கள். தூம்பாவுக்கு இரண்டு துணி ஆயிற்று: சாவுக்குக் கறுப்பு, நோவுக்கு வெள்ளை. பயந்து ஏற மாட்டேன் என்கிற பெண்களுக்குப் பக்கத்தில் நடந்துபோக சேரியிலிருந்து அந்தப் பெண்ணே வருவாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நானே இதுல போயிட்டு வந்தவதான், பேசாமப் படுத்துக்கிடும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இந்த வாரம் யார் யார் தோள் கொடுப்பது என்று பேசுவார்கள். அதற்காகவே எல்லோரும் காலையில் வர ஆரம்பித்தார்கள். மாலை ஆராதனைக்கென்று தனியாக ஆள் இல்லாமல் போயிற்று. மூலையில் சுருண்டு கிடந்த பாய்களை விரித்தார்கள். பாட்டுச் சத்தத்தில் வௌவால்கள் ஒரு நாள் கூட்டமாய் வெளியே போய்விட்டன.

ஐயர் கிறிஸ்மஸுக்கு முன்னால் வந்தார். கோயில் முகப்பிலேயே சேறு ஒட்டிய தூம்பாவைச் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். அப்பா நடந்ததைச் சொன்னார். "இதனால எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு வந்திருக்காக?" என்று கேட்டார் ஐயர். "ஒருத்தரும் இல்லைங்கய்யா" என்றார் அப்பா. ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அம்மா பித்தளைப் பாத்திரங்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் ஐயரே பிரசங்கம் பண்ணினார். பாதியில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். அவர் மகன் பனையிலிருந்து விழுந்துவிட்டானாம், இடுப்பு அசையவில்லையாம். அண்ணாச்சி எழுந்தார். வாத்தியார் எழுந்தார். பிறகு ஆண்கள் எல்லோரும் எழுந்தார்கள், அவித்த துணி எடுக்கப் பெண்களும் போனார்கள். கோயிலில் அப்பாவும் கிழவிகளும் குழந்தைகளும்தான் மிஞ்சினோம். ஐயர் பீடத்தில் நின்றபடி வெறும் பாய்களைப் பார்த்தார். ஐயர் வேதபுத்தகத்தை மூடினார், அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார், குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார், அப்பாவும் பின்னால் ஓடினார்.

சாயங்காலம் முழங்கால்வரை சேற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். பையனுக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்று அப்பா சொன்னார். வண்டி ஏறும்போது ஐயர் திரும்பி, "உபதேசியாரே, தோள்மரம் ரொம்பக் குட்டையா இருக்கு. பின்னால இருக்கவனுக்குக் கால் இடிக்குது. நீளமா போடச் சொல்லும்" என்றார். அவ்வளவுதான். மலைப்பக்கம் என்ற பேச்சே எடுக்கவில்லை. வண்டி திரும்பி மறைந்தது.

"துறைக்கு அந்தப் பக்கம் ஐயரும் தோள் கொடுத்தாரு" என்றார் அப்பா மெதுவாக.

அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாசலுக்கு வந்தாள்.

"பக்கத்து வீட்டுல முருங்கையை வெட்டிப் போட்டிருக்காவ. நல்ல கம்பா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அடுப்படிக்குப் பின்னால நடணும்."

நாங்கள் இருந்த எந்த ஊரிலும் அம்மா ஒரு செடி வைத்து நான் பார்த்ததில்லை.

"காய்க்க அடுத்த வருசம் ஆயிருமே" என்றார் அப்பா.

"ஆகட்டும்" என்றாள் அம்மா. மண்வெட்டியைத் தேடி எடுத்து, அப்பா வருவதற்குள் குழி தோண்ட ஆரம்பித்தாள்.